ஓய்வூதியர்களிடம் பான், ஆதார் எண் வாங்குவது எப்படி? பென்ஷன் பிரிவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கருவூலத்தில் பென்ஷன் வேலை பார்க்கும் இருக்கைக்கு ('சீட்'டுக்கு)ப் புதிதாக வந்திருக்கிறீர்கள். வந்த இரண்டாவது வாரமே சுற்றறிக்கை வருகிறது: உங்கள் பட்டியலில் உள்ள எல்லா ஓய்வூதியர்களின் பான் எண்ணையும் சரிபார்த்துக் குறிப்பிட்ட தேதிக்குள் பதிவேற்றுங்கள். பட்டியலை எடுத்துப் பார்த்தால் பல நூறு பேர். பாதிப் பேருக்கு நேராக எண் காலியாக இருக்கிறது. இருக்கிற எண்களில் எது சரி, எது தப்பு என்று சொல்லவும் ஆளில்லை.

நான் ஒரு சார்நிலைக் கருவூலத்தில் இந்த சீட்டில் பல வருடம் இருந்தேன். இப்போது ஓய்வூதியர் சங்கத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் உதவிக்கு உட்காருகிறேன். மேசையின் இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: எண்ணைத் தப்பாக எழுதி வாங்கினால், அந்தத் தப்பைத் திருத்த எழுபத்தைந்து வயதுக்காரர் இரண்டு பஸ் மாறி மறுபடி வர வேண்டியிருக்கும். அதனால் முதல் தடவையிலேயே சரியாக வாங்கிவிட வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்காகத்தான். தமிழ்நாட்டு அரசு ஓய்வூதியத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். சங்கத்தில் தன்னார்வலராக உட்காருபவர்களுக்கும், வீட்டில் பெரியவர்களுக்காக இந்த வேலையைப் பார்ப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில், எதற்கு வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வருகிற பத்துப் பேரில் ஏழு பேர் இதைக் கேட்பார்கள். "எனக்குத்தான் வரியே வராதே, எதுக்கு தம்பி பான்?" இதற்குப் பதில் தெரியாமல் மேசையில் உட்காரக் கூடாது.

வருமான வரிச் சட்டப்படி ஓய்வூதியம் சம்பளத்தோடு சேர்ந்தது. சம்பளம் கொடுக்கும் அலுவலகம் எப்படி வரி பிடிக்க வேண்டுமோ, அப்படியே ஓய்வூதியம் கொடுக்கும் கருவூலமும் பிடிக்க வேண்டும். வரி பிடிக்க வேண்டிய ஒருவர் பான் கொடுக்கவில்லை என்றால் குறைந்தது 20 சதவீதம் பிடிக்கச் சட்டம் சொல்கிறது. 5 சதவீதத்தில் நின்றிருக்க வேண்டியவருக்கு நான்கு மடங்கு போய்விடும். ஆனால் வருடம் முழுவதும் கணக்குப் பார்த்தும் வரி வரம்புக்குள் வராதவருக்கு, பான் இல்லாவிட்டாலும் கருவூலத்தில் பிடித்தம் கிடையாது. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை; ஓய்வூதியருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவும் உண்டு. எனவே பெரும்பாலானவர்களுக்கு உண்மையாகவே வரி வராது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். "உங்களுக்கு வரி வராது அய்யா. ஆனால் நிலுவை ஏதாவது மொத்தமாக வந்தால் கணக்கு மாறும். பழைய முறையில் இருக்க நினைத்தாலும் மாறும். வங்கியில் வைப்புத்தொகை வட்டிக்கும் பான் கேட்பார்கள். இப்போதே சரியாகப் பதிந்துவிட்டால் பிறகு அலைய வேண்டாம்" என்று சொன்னால் போதும். பயமுறுத்தி வாங்கிய எண்ணில் தப்பு அதிகம் வருவதை நான் பார்த்திருக்கிறேன். பதற்றத்தில் எந்த அட்டை கையில் கிடைக்கிறதோ அதை நீட்டிவிடுவார்கள்.

பட்டியலைப் பிரியுங்கள்

யாரையும் கூப்பிடுவதற்கு முன் ஒரு நாள் முழுவதும் பட்டியலோடு உட்காருங்கள். பணி ஓய்வூதியர் தனி, குடும்ப ஓய்வூதியர் தனி. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அடுத்து 80 வயது தாண்டியவர்களைக் குறியுங்கள். படுக்கையில் இருப்பவர், கண் தெரியாதவர், வெளியூரில் பிள்ளைகளோடு இருப்பவர் யார் யார் என்று பழைய பேரேட்டிலும், போன வருட நேர்காணல் (உயிரோடு இருப்பதை வருடம் ஒருமுறை உறுதிசெய்வது) குறிப்பிலும் இருக்கும். பிபிஓ (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) எண்ணுக்கு எதிரே கைப்பேசி எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏற்கெனவே பான் பதிவாகியிருப்பவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள். அவர்கள் எண்களை முதலில் நீங்களே சரிபாருங்கள். வரி பிடிக்கும் அலுவலகங்களுக்கு வருமான வரித் துறையின் டிரேசஸ் தளத்தில் பான் எண்ணைப் போட்டு, அது யார் பெயரில் இருக்கிறது, செல்லுபடி ஆகிறதா என்று பார்க்கும் வசதி இருக்கிறது. அதில் பெயர் ஒத்துவந்தால் அந்த ஆளைக் கூப்பிட வேண்டியதே இல்லை. இந்த ஒரு வேலையைச் செய்தாலே வர வேண்டியவர்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்துவிடும்.

அப்புறம், நேரம். நிதியாண்டு முடிவில், பிப்ரவரியில் வரிக் கணக்குப் போடும்போதுதான் பல அலுவலகங்கள் விழித்துக்கொண்டு எல்லோரையும் கூப்பிடும். அப்போது கூப்பிடாதீர்கள். ஓய்வூதியர் வருடத்தில் ஒருமுறை நேர்காணலுக்கு எப்படியும் வருகிறார். அந்த வருகையிலேயே இதையும் முடித்துவிட்டால் அவருக்கு ஒரு பயணம் மிச்சம், உங்களுக்கும் கூட்டம் பிரிந்து வரும்.

அறிவிப்பில் என்ன எழுத வேண்டும்

"உரிய ஆவணங்களுடன் வரவும்" என்று எழுதாதீர்கள். உரிய ஆவணம் எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு மஞ்சள் பை நிறைய ரேஷன் கார்டு முதல் கரண்ட் பில் வரை எடுத்துக்கொண்டு வருவார், பான் அட்டை மட்டும் வீட்டில் இருக்கும். பெரிய எழுத்தில், தமிழில், இப்படி எழுதி ஒட்டுங்கள்: பிபிஓ புத்தகம், பான் அட்டை (அசல்), ஆதார் அட்டை, இப்போது பயன்பாட்டில் உள்ள வங்கிப் பாஸ்புக், கையில் வைத்திருக்கும் கைப்பேசி. ஐந்தே பொருள்.

அதே அறிவிப்பில் இன்னொரு வரியும் கட்டாயம் இருக்க வேண்டும்: "கருவூலத்திலிருந்து யாரும் தொலைபேசியில் ஓடிபி, ஏடிஎம் எண், கடவுச்சொல் கேட்க மாட்டார்கள்." ஓய்வூதியரைக் குறிவைத்து நடக்கும் மோசடி பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. பெயர், பிபிஓ எண், ஓய்வு பெற்ற தேதி எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி, "பான் பதிவு செய்யாவிட்டால் அடுத்த மாதம் பென்ஷன் நின்றுவிடும், ஓடிபி சொல்லுங்கள்" என்பார்கள். நீங்களும் போனில் "பான் நம்பர் சொல்லுங்கள்" என்று கேட்கிற பழக்கத்தை வைத்துக்கொண்டால், உண்மையான அழைப்பு எது, மோசடி எது என்று அவரால் பிரிக்கவே முடியாது. ஆகவே போனில் எண் வாங்காதீர்கள். போனை வரச் சொல்வதற்கும் தேதி சொல்வதற்கும் மட்டும் பயன்படுத்துங்கள். யாராவது ஏற்கெனவே ஏமாந்துவிட்டதாகச் சொன்னால், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறார்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

மேசையில்: அட்டையைப் பார்த்து எழுதுங்கள்

அவர் வாயால் சொல்வதைக் கேட்டு எழுதாதீர்கள். 'பி'யும் 'டி'யும், 'எம்'மும் 'என்'னும் காதில் ஒன்றுபோல விழும். மின்விசிறிச் சத்தத்தில் இன்னும் மோசம். அட்டையை வாங்கி, மேசையில் வைத்து, பார்த்து எழுதுங்கள். நகல் மட்டும் கொண்டுவந்தால் நகலின் நகல் இல்லையே என்று பாருங்கள். மூன்றாவது நகலில் 8-ம் 3-ம் ஒன்றாகிவிடும். கைப்பேசியில் மின்-பான் கோப்பு வைத்திருந்து திறக்கத் தெரியாமல் தவிப்பவர்களும் வருவார்கள். அதன் கடவுச்சொல் அவருடைய பிறந்த தேதி, மாதம், வருடம் சேர்ந்த எட்டு இலக்கம். அவரையே அடிக்கச் சொல்லுங்கள்.

பான் எண்ணில் பத்து இடங்கள். முதல் ஐந்தும் எழுத்து, அடுத்த நான்கு இலக்கம், கடைசி ஓர் எழுத்து. இந்த அமைப்பு தெரிந்தாலே பாதித் தப்பு நின்றுவிடும். முதல் ஐந்தில் வட்டமாக ஒன்று தெரிந்தால் அது 'ஓ' எழுத்து, பூஜ்யம் ஆக முடியாது. ஆறாவதிலிருந்து ஒன்பதாவது இடத்துக்குள் தெரிந்தால் அது பூஜ்யம்தான், 'ஓ' ஆக முடியாது. 'ஐ' எழுத்துக்கும் 1-க்கும் இதே கணக்கு. நான்காவது எழுத்து தனிநபருக்கு எப்போதும் 'பி' ஆக இருக்கும். அங்கே 'ஹெச்' இருந்தால் அது இந்துக் கூட்டுக் குடும்பத்தின் அட்டை, 'எஃப்' இருந்தால் கூட்டு நிறுவனத்தின் அட்டை. ஓய்வு பெற்றபின் மகனோடு சேர்ந்து கடை வைத்தவர்கள் அந்தக் கடையின் அட்டையைத் தெரியாமல் கொண்டுவருவதுண்டு. ஐந்தாவது எழுத்து, விண்ணப்பத்தில் 'கடைசிப் பெயர்' என்று எதை எழுதினார்களோ அதன் முதல் எழுத்து. அடுத்த பகுதிக்கு இது ரொம்ப முக்கியம்.

எழுதி முடித்ததும் நீங்கள் எழுதியதை, அட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக உரக்கப் படியுங்கள். அவர் அட்டையைப் பார்த்துச் சரி சொல்லட்டும். கண் மங்கியவராக இருந்தால் கூட வந்தவர் பார்க்கட்டும். அரை நிமிட வேலை. அவசரத்தில் இதை விட்டுவிடாதீர்கள்.

இனிஷியல் என்னும் தொல்லை

தமிழ்நாட்டில் இந்த வேலையின் உண்மையான கஷ்டம் எண்ணில் இல்லை, பெயரில் இருக்கிறது. வடக்கே உருவாக்கிய படிவம் குடும்பப் பெயர் கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பிபிஓவில் 'கே. முருகேசன்' என்று இருக்கும். பான் விண்ணப்பத்தில் இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். ஒருவர் அட்டையில் 'முருகேசன் கந்தசாமி' என்று அப்பா பெயர் பின்னால் வந்திருக்கும். இன்னொருவருக்கு 'கந்தசாமி முருகேசன்' என்று முன்னால் வந்திருக்கும். ஆதாரில் மறுபடி 'முருகேசன் கே'. மூன்றும் ஒரே ஆள்தான். கணினி மட்டும் மூன்று பேர் என்று சொல்லும்.

ஐந்தாவது எழுத்தை இங்கே பயன்படுத்துங்கள். அது அவருடைய சொந்தப் பெயரின் முதல் எழுத்தாகவோ அப்பா பெயரின் முதல் எழுத்தாகவோ இருந்தால் பெரும்பாலும் அட்டை அவருடையதுதான். இரண்டுமே இல்லை என்றால் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். ஊர்ப் பெயரோ சாதிப் பெயரோ கடைசிப் பெயராகப் போயிருக்கலாம், அல்லது அட்டையே வேறு ஒருவருடையதாக இருக்கலாம்.

பெண் ஓய்வூதியர்களுக்கு இன்னொரு முடிச்சு. வேலையில் சேர்ந்தபோது அப்பா இனிஷியல், கல்யாணத்துக்குப் பின் பதிவேட்டில் கணவர் இனிஷியல், பான் அட்டையிலோ அச்சாகியிருப்பது அப்பா பெயர். பான் அட்டையில் கணவர் பெயர் அச்சாவதில்லை. எனவே பிபிஓவில் உள்ள இனிஷியலும் பானில் உள்ள பெயரும் பொருந்தவில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். "உங்க அப்பா பேர் என்னம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டால் விஷயம் தெளிந்துவிடும்.

எழுத்துக்கூட்டல் இன்னொரு பக்கம். தமிழில் 'இராஜேந்திரன்' என்று இகரம் போட்டு எழுதுபவர் ஆங்கிலத்தில் 'ஆர்' எழுத்தில் தொடங்கியிருப்பார். ழகரத்துக்கு ஓர் இடத்தில் 'இசட்ஹெச்', இன்னோர் இடத்தில் 'எல்'. இப்படிச் சின்ன வித்தியாசத்துக்காக யாரையும் பான் திருத்தத்துக்கு அனுப்ப வேண்டாம். ஒரே ஆள் என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இல்லையென்றால், பான் அட்டையில் உள்ள பெயரை அப்படியே எழுத்துக்கு எழுத்து ஒரு தனிப் பத்தியில் குறித்துக்கொள்ளுங்கள். பிபிஓ பெயரைத் தொடாதீர்கள். பிபிஓவில் பெயர் மாற்றுவது உங்கள் மேசையில் செய்கிற காரியமே இல்லை. அது மாநிலக் கணக்காயர் அலுவலகம் வரை போகும்.

திருத்தியே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு. பானும் ஆதாரும் இணைந்திருக்க வேண்டும். அதற்குப் பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் ஒத்துவர வேண்டும். 2023 ஜூன் 30-க்குள் இணைக்காத பான் அட்டைகள் ஜூலை முதல் செயலிழந்தவை ஆயின. அப்படிச் செயலிழந்த பானைக் கொடுத்தால், பான் கொடுக்காதவருக்குப் பிடிப்பது போலவே கூடுதல் வரி பிடிக்க நேரும். 1,000 ரூபாய் கட்டணம் செலுத்தி இணைத்தால் மறுபடி செயலுக்கு வரும். ஆனால் 80 வயது நிரம்பியவர்களுக்கு இந்தக் கட்டாயத்திலிருந்து 2017-லேயே விலக்கு கொடுத்திருக்கிறார்கள். 83 வயதுக்காரரை "ஆதாரோடு இணைத்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்புவது தெரியாமல் செய்கிற கொடுமை. பட்டியலில் 80 தாண்டியவர்களை முன்கூட்டியே குறிக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

குடும்ப ஓய்வூதியர்கள்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

ஒரு அம்மா வந்தார். பால் கவர்போல மடித்த பிளாஸ்டிக் உறைக்குள் எல்லாம் பத்திரமாக வைத்திருந்தார். ரப்பர் பேண்டைக் கழற்றி, ஒவ்வொன்றாக எடுத்து, பான் அட்டையை என்னிடம் நீட்டினார். லேமினேஷன் ஓரம் பிரிந்து மஞ்சளாகியிருந்தது. எழுதப் போனவன் போட்டோவைப் பார்த்து நின்றேன். அது அவர் கணவருடைய அட்டை. "அவரோட பென்ஷன்தானே சார் வருது, அவர் கார்டுதானே குடுக்கணும்?" என்றார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்றைக்குப் பழைய பேரேட்டை எடுத்து மற்ற குடும்ப ஓய்வூதியர்களின் எண்களைப் பார்த்தேன். இறந்துபோன கணவரின் பான் எண்ணே அப்படியே தொடர்ந்த இடங்கள் பல இருந்தன.

குடும்ப ஓய்வூதியம் வாங்குபவரின் சொந்த வருமானம் அது. எனவே வேண்டியது அவருடைய சொந்தப் பான்தான். சட்டம் அதைச் சம்பளமாகப் பார்ப்பதில்லை, 'இதர வருமானம்' என்ற தலைப்பில் வைக்கிறது. அதனால் சம்பளத்துக்குப் பிடிப்பதுபோல அதில் வரி பிடிக்கும் விதி பொருந்தாது. கழிவும் வேறு: பழைய முறையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 15,000 ரூபாய், இதில் எது குறைவோ அது, புதிய முறையில் அந்த உச்சவரம்பு 25,000. பட்டியலை இரண்டாகப் பிரிக்கச் சொன்னதன் காரணம் இதுதான். கணவர், மனைவி இருவருமே அரசு வேலை பார்த்த குடும்பங்களில் ஒரே அம்மாவுக்குச் சொந்த ஓய்வூதியம் ஒன்று, குடும்ப ஓய்வூதியம் ஒன்று என்று இரண்டு பிபிஓ இருக்கும். இரண்டிலும் ஒரே பான்தான் வர வேண்டும்.

பான் எடுக்காமலே இத்தனை வருடம் இருந்த அம்மாக்கள் நிறையப் பேர். ஆதாரோடு கைப்பேசி எண் இணைந்திருந்து, ஆதாரில் முழுப் பிறந்த தேதியும் இருந்தால், வருமான வரித் துறைத் தளத்தில் உடனடி மின்-பான் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் பழைய ஆதார் அட்டைகள் பலவற்றில் பிறந்த வருடம் மட்டும்தான் இருக்கும். அவர்களுக்கு இந்த வழி வேலை செய்யாது. பான் சேவை மையத்தில் வழக்கமான விண்ணப்பம் கொடுக்க வேண்டும். வாசலில் இருக்கும் புரோக்கரிடம் ஐந்நூறு, ஆயிரம் என்று கொடுத்துவிடாமல், அதற்குக் கட்டணம் நூறு ரூபாயை ஒட்டித்தான் என்பதைச் சொல்லி அனுப்புங்கள்.

பிறந்த தேதி பற்றி ஒரு எச்சரிக்கை. 80 வயது நிரம்பினால் 20 சதவீதம் கூடுதல் ஓய்வூதியம் உண்டு, குடும்ப ஓய்வூதியருக்கும் உண்டு. அந்த அம்மாவின் ஆதாரில் யாரோ உத்தேசமாக ஜனவரி 1 என்று போட்ட தேதியை நீங்கள் பேரேட்டில் ஏற்றிவிட்டால், அவருக்கு வர வேண்டிய தொகை இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போகலாம். ஆதார் பிறந்த தேதிக்கான சான்று இல்லை என்று ஆதார் ஆணையமே சொல்லியிருக்கிறது. பிபிஓவில் தேதி இருந்தால் அதை மாற்றாதீர்கள். இல்லாவிட்டால் பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று போன்றவை இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆதார் எண்: கேட்கலாம், மிரட்டக் கூடாது

ஆதாரில் 12 இலக்கம். 0-லோ 1-லோ தொடங்காது. கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். ஓர் இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் அந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே நல்ல மென்பொருள் தப்பான ஆதார் எண்ணை ஏற்காது. பானைப் போல இதில் அதிகம் தடுமாற வேண்டியதில்லை.

தடுமாற வேண்டிய இடம் வேறு. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஆதார் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, அரசு ஊழியர் பெறும் ஓய்வூதியம் உழைத்துச் சம்பாதித்த உரிமை, அது ஆதாரைக் கட்டாயமாகக் கேட்கலாம் என்று ஆதார் சட்டத்தின் 7-வது பிரிவு சொல்லும் 'பயன்' என்பதற்குள் வராது என்று எடுத்துக்காட்டாகவே சொன்னது. பானை ஆதாரோடு இணைப்பதைச் சரி என்றது. ஆனால் ஓய்வூதியத்தை ஆதாருக்குப் பணயம் வைக்கவில்லை. ஓய்வூதியம் யாரோ போடும் பிச்சை இல்லை என்பது 1982 டிசம்பர் 17-ல் நகாரா வழக்கிலேயே முடிவான விஷயம். அந்த நாளைத்தான் ஓய்வூதியர் தினமாக வருடாவருடம் கொண்டாடுகிறார்கள். எதிரே நிற்பவர் 33 வருடம் பள்ளிக்கூடத்தில் நின்று பாடம் நடத்தியவராக இருக்கலாம். "ஆதார் இல்லேன்னா பென்ஷன் இல்லை" என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது.

ஆதார் கொண்டு எளிதாகும் காரியங்கள் இருக்கின்றன, அவற்றைச் சொல்லி வாங்கலாம். 2014 நவம்பரில் தொடங்கிய ஜீவன் பிரமாண் மின்னணு வாழ்நாள் சான்று ஆதாரை வைத்துத்தான் இயங்குகிறது. அதற்கு ஆதார் கொடுப்பது அவரவர் விருப்பம். கொடுக்க விரும்பாதவர் நேரில் வந்து, அல்லது காகிதச் சான்று கொடுத்து நேர்காணலை முடிக்கலாம். பிரமாண் எண் என்று ஒன்று வரும். அது ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும், நிரந்தர அடையாள எண் இல்லை. புதியவர்கள் இதை பிபிஓ எண்ணோடு குழப்பிக்கொள்வார்கள்.

வங்கிப் பாஸ்புக்கையும் கொண்டுவரச் சொன்னோமே, அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஐஎஃப்எஸ் குறியீடு 11 இடம், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. பழைய பாஸ்புக்கில் உள்ள குறியீட்டை அப்படியே எழுதிவிடாதீர்கள்.

வர முடியாதவர்கள்

படுக்கையில் இருப்பவரின் மகன் அம்மாவின் அட்டைகளோடு வந்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அம்மா உயிரோடு இருப்பதற்கான சான்று தனியாக வேண்டும். தபால்காரரே வீட்டுக்கு வந்து மின்னணு வாழ்நாள் சான்று எடுத்துத் தருகிற ஏற்பாடு இருக்கிறது, கட்டணம் 70 ரூபாய். பல குடும்பங்களுக்கு இது தெரியவே தெரியாது. கைரேகை தேய்ந்துபோய்க் கருவி ஏற்காதவர்களுக்கு, கைப்பேசி மூலம் முகத்தை வைத்துச் சரிபார்க்கும் முறை 2021 நவம்பரிலிருந்து இருக்கிறது. வயல் வேலை, வீட்டு வேலை பார்த்த கைகளில் ரேகை விழாது. ஐந்தாறு தடவை விரலை அழுத்தச் சொல்லிச் சோதிக்காமல், இரண்டாவது தடவையே முகத்துக்கு மாறிவிடுங்கள்.

மொத்தமாக ஒரு தெருவில் ஏழெட்டுப் பேர் வர முடியாதவர்கள் என்றால், சங்கத்திடம் சொல்லுங்கள். சங்கத்துக்காரர் ஒருவர் போய் நகல் வாங்கி வருவார். அவரிடம் எந்தெந்த ஆவணம், எத்தனை என்று எழுதிய ஒரு சீட்டு கொடுத்தனுப்புங்கள்; வீட்டுக்காரர் அதில் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி வைத்துக்கொள்ளட்டும்.

வாங்கிய எண்களை என்ன செய்வது

வேண்டியதற்கு மேல் வாங்காதீர்கள். பான் கேட்ட சுற்றறிக்கைக்கு மகனின் கைப்பேசி எண்ணும் மருமகளின் ஆதாரும் எதற்கு? நகலின் மேல் குறுக்காக "கருவூலப் பதிவுக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதி, அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஆதார் நகல் வேண்டியிருந்தால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரே பல இடங்களுக்குப் போதும்.

யார் யார் இன்னும் கொடுக்கவில்லை என்று அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டும்போது, பெயரும் பிபிஓ எண்ணின் கடைசி இலக்கங்களும் போதும். ஆதார் எண்ணைப் பொது இடத்தில் காட்டுவது ஆதார் சட்டப்படியே கூடாது. வாட்ஸ்அப் குழுவில் "உங்கள் பான் நகலை இங்கே போடுங்கள்" என்று கேட்கிற வழக்கம் இப்போது எங்கேயும் வந்துவிட்டது. இருநூறு பேர் இருக்கும் குழுவில் ஒருவர் அட்டையை மற்ற 199 பேரும் எதற்குப் பார்க்க வேண்டும்? தயவுசெய்து அதை நிறுத்துங்கள். பதிவேற்றி, சரிபார்த்து முடிந்த நகல்களை, வைத்திருக்கச் சொல்லி உத்தரவு இல்லையென்றால், கிழித்தே போடுங்கள். சுண்டல் கட்டுகிற காகிதமாக அவை வெளியே போகக் கூடாது.

கணினியில் ஏற்றும்போது ஒருவர் படிக்க, ஒருவர் அடிக்க வேண்டும். ஐம்பது எண் முடிந்ததும் ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். பதிவேற்றியபின், அச்செடுத்து மூல நகலோடு ஒருமுறை ஒத்துப்பாருங்கள். ஒரே பான் இரண்டு பிபிஓவில் வந்தால் தனியே எடுத்துவையுங்கள். இரட்டை ஓய்வூதியம் வாங்கும் அம்மாவாக இருக்கலாம், அல்லது மேல் வரியை அப்படியே நகலெடுத்த கைப்பிசகாக இருக்கலாம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு ஒப்புகைச் சீட்டு கொடுங்கள். பெரிய அச்சடித்த படிவம் வேண்டாம். பெயர், தேதி, "பான் பெறப்பட்டது, சரிபார்க்கப்பட்டது", உங்கள் முத்திரை. அடுத்த வருடம் உங்கள் இடத்துக்கு வேறு ஒருவர் வந்து மறுபடி கேட்டால், அந்தச் சீட்டைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்.

கடைசித் தேதி தாண்டியும் சிலர் மிச்சம் இருப்பார்கள். அவர்களுக்கு ஓய்வூதியத்தை நிறுத்த உங்களுக்கு அதிகாரம் இல்லை. செய்யக்கூடியது, வரி வரம்புக்குள் வருபவர் யார் என்று கணக்குப் பார்த்து, அந்தச் சிலருக்கு மட்டும் "பான் இல்லாததால் இந்த வீதத்தில் பிடித்தம் ஆகும்" என்று எழுத்தில் தெரிவிப்பது. வரம்புக்குக் கீழே இருப்பவர்கள் அடுத்த நேர்காணலின்போது கொடுக்கட்டும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒன்றிரண்டு தப்பு போய்விடும். ஜூன் மாதம் படிவம் 16 (பிடித்த வரிக்கான சான்று) கையில் வந்ததும் ஒருவர் வந்து, "என் கணக்கில் வரியே காட்டவில்லையே" என்பார். அவருக்குப் பிடித்த பணம் வேறு யாரோ ஒருவரின் பானில் போய் உட்கார்ந்திருக்கும். அவரை வருமான வரி அலுவலகத்துக்கு அனுப்பாதீர்கள், அங்கே அவரால் ஒன்றும் செய்ய முடியாது. தப்பு நடந்தது, பிடித்த வரிக்குக் கருவூலம் கொடுக்கும் காலாண்டு அறிக்கையில். திருத்த அறிக்கை போட வேண்டியது கருவூலம்தான். அவர் பெயர், பிபிஓ எண், சரியான பான், எந்தக் காலாண்டு என்று அன்றைக்கே குறித்து வாங்கிக்கொண்டு, திருத்தம் ஏறியதும் போன் செய்து சொல்கிறேன் என்று சொல்லி அனுப்புங்கள். ஏறியதும் போன் செய்யுங்கள்.